மும்பை வழியாகப் பேசிக்கொள்ளும் அக்காவும் தம்பியும்

1

இந்தக் கதை கற்பனையில் உதிக்கவில்லை, வேலையில் மாட்டியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் இணையப் பரிமாற்ற மையத்தைப் பார்த்துக்கொள்பவன் நான். மையம் என்றால் ஓர் அறை, ஓர் ஏசி, எல்லோர் ஒயரையும் இணைக்கும் ஒரு ஸ்விட்ச். ஆவடி முதல் பூந்தமல்லி வரை வீடுகளுக்கு இணையம் கொடுக்கும் சின்னச் சின்ன கேபிள்காரர்கள் சேர்ந்து நடத்தும், லாபம் பார்க்காத சங்கம். எல்லோரும் இங்கே வந்து ஒயரைச் செருகிக்கொண்டால், பக்கத்து ஊருக்கு அனுப்பும் வீடியோ மும்பைக்குப் போய்த் திரும்ப வேண்டியதில்லை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை மிச்சம்.

கதைக்கு நான் எழுதிப்பார்த்த தொடக்கம், முதல் முயற்சி: ‘ஜன்னல் வழியே அம்பத்தூரின் பொன்மாலை’ (அறைக்கு ஜன்னலே கிடையாது. விடுங்கள்.)

2

திருமுல்லைவாயில் கேபிள் மங்களம் அக்காவுடையது. அயனம்பாக்கம் அவர் தம்பி ஏகாம்பரத்துடையது. ஒரே கம்பத்தில் யார் ஒயர் மேலே போவது என்று சண்டை போட்டு நாலு வருடமாகப் பேச்சில்லை. (இதைக் கற்பனை என்று நினைக்கும் வாசகர் கம்பத்தில் ஏறியதில்லை.)

என் ஸ்விட்சில் இருவர் ஒயரும் பக்கத்தில் பக்கத்தில்தான். ஆனால் செருகினால் மட்டும் போதாது. ஒருவர் பெட்டி (ரவுட்டர்) மற்றவர் பெட்டியைக் கூப்பிட வேண்டும். ‘நீயாகக் கூப்பிடாதே, கூப்பிட்டால் எடு’ என்று பெட்டிக்குச் சொல்லிவைக்க ஒரு சொல் இருக்கிறது. இருவரும் தனித்தனியாக என்னிடம் கேட்டு அதைப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் செய்ததை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்பது சங்க விதி. ஆகவே இரண்டு பெட்டிகளும் காத்திருந்தன. வீடியோக்கள் மும்பைக்குப் போய்க்கொண்டிருந்தன.

“அவன் கூப்ட்டா எடுக்க மாட்டேன்னா சொல்றேன்? கூப்டட்டுமே” என்றார் மங்களம்.

“அக்கா கூப்ட்டா இன்னா, அது பொட்டி தேஞ்சா பூடும்?” என்றார் ஏகாம்பரம்.

3

வரும் ஞாயிற்றுக்கிழமை மங்களம் அக்காவின் மகள் ரோஷினிக்குக் கல்யாணம். தாய்மாமனுக்கு இன்னும் பத்திரிகை போகவில்லை.

“அண்ணா, பொட்டி எப்டியோ போவட்டும். எனக்கு மாமா வரணும்” என்று ரோஷினி போனில் அழுதாள். எனக்குத் தாங்கவில்லை.

மையம் யார் பெட்டியிலும் கை வைக்கக்கூடாது. ஆனால் நான் கதையும் எழுதுகிறவன், கதையில் எங்கே வேண்டுமானாலும் கை வைக்கலாம். ‘ஏகாம்பரம் அந்தச் சொல்லை அழித்து, முதலில் கூப்பிட்டார்’ என்று எழுதி அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

“இன்னா நைனா எழுதிக்கீறே? நான் கல்லாட்டம் குந்திக்கினு கீறேன், அவன் பெரிய மனசு பண்ணி கூப்புட்றானா? மூத்தவ நானு. நான்தான் மொதல்ல கூப்ட்டேன்னு மாத்து!”

மாற்றித் தம்பிக்கு அனுப்பினேன். அவர் அதைவிடக் குதித்தார்.

4

நேற்றுக் காலை, கதை வெளிவருவதற்குள் முந்திக்கொள்ள, இருவரும் அந்தச் சொல்லை அழித்துவிட்டார்கள். இரண்டு பெட்டிகளும் ஒரே நொடியில் கூப்பிட்டன. இதற்கும் விதி இருக்கிறது: அழைப்புகள் மோதினால், அடையாள எண் பெரிதாக உள்ள பெட்டியின் அழைப்பு நிலைத்து நிற்கும், மற்றது வெட்டப்படும்.*

இணைப்பு வந்துவிட்டது. கூடவே அவர்கள் இருவரும் வந்துவிட்டார்கள்.

“யாருது நின்னுச்சி? நின்னதுதான் மொதல்ல கூப்ட்டது, சொல்லு!”

தங்கள் பெட்டிகளின் பதிவுகளை என் மேசையில் போட்டார்கள். படிக்கத் தெரிந்தவன் நான் மட்டும்தான், படித்தும்விட்டேன். பெயரைச் சொன்னால் தோற்றவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் சொல்லாததால் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்துகிறார்கள். நாலு வருடத்தில் முதல் தடவை! பின்னாலேயே வந்த ரோஷினி மாமன் கையில் பத்திரிகையைத் திணித்தாள். சண்டை மும்முரத்தில் அவர் வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, “மண்டபத்துல வெச்சு கேக்குறேன், அங்க வந்து சொல்லு” என்றார்.

“அங்கயே சொல்லட்டும்” என்றார் அக்கா.

நீங்களும் கல்யாணத்துக்கு வாருங்கள். பெயரை மட்டும் கேட்காதீர்கள். தாலி ஏறும்வரை இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை: முதலில் கூப்பிட்டது

* எண்ணுக்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை. அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.