எல்லப்பனுக்கு ஒரு வரி

தாளை மடிக்கிறவர்கள் அதைப் படிக்கக் கூடாது என்பது நாகேந்திரன் அச்சகத்தில் எழுதாத சட்டம். அம்சாவின் காதில் அது ஏறியதே இல்லை. கை பாட்டுக்கு மடிக்கும், மூங்கில் பட்டையால் மடிப்பை அழுத்தும். கண் பாட்டுக்கு வரிகளில் ஓடும். மடிக்காத தாளில் ஒன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் எட்டாம் பக்கம் இருக்கும். அதனால் பர்மா சரித்திரத்தை அவள் முன்னும் பின்னுமாகத்தான் படித்திருந்தாள். அவள் கணக்கில் ராஜா நாட்டைப் பறிகொடுத்த பிறகுதான் பட்டத்துக்கு வந்தார். தேர்தல் நடக்கும் முன்பே பட்டாளம் ஆட்சியைப் பிடித்துவிட்டது.

கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடித்துப் பிழைக்கும் திருத்தணி அச்சகத்துக்கு இப்படி ஒரு புத்தகம் வந்ததே அதிசயம். எழுதியவர் ராஜகோபால், ரங்கூனில் வாத்தியாராக இருந்துவிட்டுக் கப்பலேறி வந்தவர். பட்டாளம் வந்ததும் பத்திரிகைகளை மூடியது, கடைகளைப் பிடுங்கியது, விசாரணை இல்லாமல் ஆட்களை அடைத்தது என்று எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதியிருந்தார். கடைசி நாலு பக்கம் வெறும் பட்டியல். பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்களின் பெயர்கள்.

அந்த நாலு பக்கத்தின் புரூஃப் இன்றுதான் எடுத்திருந்தார்கள். மை காயாத தாளை எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் ஜமீல் அகமது தூக்கிப் பிடித்தார்.

"எ-வுல பாருங்க பாய்," என்றாள் அம்சா.

"பாத்துட்டேன் தங்கச்சி. இல்ல."

அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாள். அவள் புருஷன் எல்லப்பன் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவன். அறுபத்து நாலில் பட்டாளம் கடைக்குள் நுழைந்து, சரக்கைப் பதுக்கினான் என்று அவனைப் பிடித்துப் போனது. "அடுத்த கப்பலில் வந்துவிடுவான்" என்று யாரோ சொன்னதை நம்பி அவள் இந்தக் கப்பலில் ஏறினாள். துறைமுகத்தில் மூக்குத்தியோடு கல்யாணக் காகிதத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். பதினைந்து வருஷம் ஆயிற்று. எந்த ஆபீசுக்குப் போனாலும் "புருஷன் எங்கே?" என்கிறார்கள். இல்லை என்றால் சாவுச் சீட்டு கேட்கிறார்கள். இருக்கிறான் என்றால் கூட்டி வரச் சொல்கிறார்கள்.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி மனு எழுதி, டெல்லிக்கும் வெளிதேசத்து மனித உரிமைச் சங்கங்களுக்கும் புத்தகத்தோடு அனுப்பப் போவதாக ராஜகோபால் சொல்லியிருந்தார். பட்டியலில் இல்லாதவனை யார் தேடுவார்கள்? ஆனால் பிடித்துப் போனதை நேரில் பார்த்த ஒருவர் சொல்லாமல் அவர் எந்தப் பெயரையும் சேர்ப்பதில்லை. "ஒரு பேரு தப்புன்னு ஆயிட்டா மொத்தப் புஸ்தகமும் பொய்யின்னு சொல்லிடுவாங்கம்மா" என்று அவர் சொல்லிவிட்டார். அவள் பார்க்கவில்லையே.

பார்த்திருக்கக்கூடியவன் ஒருவன் இருந்தான். அதே கடையில் வேலை செய்த வேடியப்பன். இப்போது பள்ளிப்பட்டில் தறி நெய்கிறான். போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வந்தவன், அவளைக் கண்டதும் கூட்டத்தில் நழுவிவிட்டான். இந்த ஒரு மாதத்தில் இரண்டு கார்டு போட்டாள். பதில் இல்லை.

"மிஷின்ல எப்ப ஏத்துறீங்க?"

"நாளிக்கிப் பன்னெண்டு மணிக்கு. கிருத்திகை நோட்டீசு காத்துகினு கீது. இத அடிச்சி, கோத்த எழுத்தப் பிரிச்சிப் போட்டாதான் அதுக்கு எழுத்து கெடைக்கும். பிரிச்சிட்டா அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்ல தங்கச்சி."

அம்சா நேரே முதலாளியிடம் போனாள். நாகேந்திரன் ரசீதுக் கட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நாளிக்கிக் காத்தால வரமாட்டேன் மொதலாளி. மத்தியானம் வந்துடுவேன்."

"இன்னாம்மா வெளையாடுறியா? கிருத்திகை நேரத்துல லீவா? வரலன்னா வேற ஆள வெச்சிக்குவேன், அப்புறம் அழுவக்கூடாது."

"ஆங், வெச்சிக்கங்க," என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே பயம் வந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் பள்ளிப்பட்டில் இறங்கி, நாலு தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். வாசலிலேயே தறியில் நாடா ஓடும் சத்தம் கேட்டது. வேடியப்பன் கட்டம் போட்ட லுங்கி நெய்துகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவனின் கை அப்படியே நின்றது. இந்தத் தடவை ஓட முடியாது. கால் இரண்டும் தறிக்குழிக்குள் இருந்தன.

"அண்ணி..."

"கார்டு வந்துச்சா?"

"வந்துச்சி." அவன் பாவு நூலையே பார்த்தான்.

"ஒரு வார்த்த எழுதத் தெரியல ஒனக்கு? அவர இட்டுகினு போனத நீ பாத்தியா இல்லியா? அத மட்டும் சொல்லு. பன்னெண்டு மணிக்கு மிஷின் ஓடிரும்."

அவன் நாடாவை ஒதுக்கி வைத்தான். பிறகு தறியிடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னான்.

"சரக்குக் கிடங்குச் சாவி எங்கிட்டதான் இருந்துச்சி, அண்ணி. என் மடியில. யாருகிட்ட சாவின்னு பட்டாளத்தான் கேட்டான். துப்பாக்கிய நீட்டிகினு கேட்டான். நான் அண்ணன் பக்கம் கையக் காட்டிட்டேன்."

அம்சா பதினைந்து வருஷமாக யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கப்பலையும் கடலையும் திட்டியிருக்கிறாள். இதோ, ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறான். கையில் அகப்பட்டதை எடுத்து அவன் மண்டையில் போடலாமா என்று இருந்தது.

"அவரு இன்னா சொன்னாரு?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல. என்ன ஒரு பார்வ பாத்துட்டு லாரியில ஏறிட்டாரு. எங்கிட்ட இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னத்தான் இட்டுகினு போயிருப்பானுங்க." அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். "ஒங்க மூஞ்சில எப்பிடி முழிப்பேன், சொல்லுங்க?"

அவள் திட்ட ஆரம்பித்தால் நாள் முழுக்கத் திட்டலாம். ஆனால் திருத்தணி பஸ் ஒன்பதரைக்கு.

"ஒங்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன். இப்ப எழுந்து வா."

"கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா?"

"கையெழுத்து ஆருக்கு வேணும்? நீயே நேர்ல வா."

அவன் குழியிலிருந்து ஏறி, சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். பஸ்ஸில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கே.ஜி.கண்டிகையில் காவடிக் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு அரோகரா போட, அம்சாவுக்கு முதல் முறையாக முருகன் மேல் கோபம் வந்தது.

அச்சகத்துக்குள் ஓடி நுழைந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. மிஷின் ஓடவில்லை. ஜமீல் அகமது ஒரு எண்ணெய்த் துணியை வைத்துக்கொண்டு உருளையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பதினோரு மணியிலேர்ந்து தொடைக்கிறாரு," என்றார் நாகேந்திரன். "என் ஆயுசுலயே இவ்ளோ சுத்தமான மிஷின நான் பாத்ததில்ல."

கடைசித் திருத்தம் பார்க்க வந்த ராஜகோபால் நாற்காலியில் புரூஃபோடு உட்கார்ந்திருந்தார். வேடியப்பனை உட்காரச் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேள்விகளை அடுக்கினார். எந்த மாதம், எத்தனை மணி, எத்தனை சிப்பாய், லாரி எந்தப் பக்கம் திரும்பியது. வேடியப்பன் ஒவ்வொன்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னான். அந்த நாளை அவன் மறந்தால்தானே தடுமாற? கடைசியில் சாவியையும் சொன்னான். கேட்காமலே சொன்னான்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத ஏம்பா எங்கிட்ட சொல்ற?"

"பாத்தத சொல்லுன்னு சொன்னாங்க சார். அதையும்தான் பாத்தேன்."

ராஜகோபால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "சேத்துருங்க பாய்," என்றார்.

ஜமீல் அகமதுவின் கை அதற்காகவே காத்திருந்தது. எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியைக் கோத்தார். எல்லப்பன். ஜவுளிக்கடை ஊழியர். மொகல் தெரு, ரங்கூன். பிடிபட்ட தேதி. 'இப்போது எங்கே' என்ற கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது.

"கோடு தீந்துபோச்சி சார். நூத்தி நாப்பத்திரெண்டு பேருக்கும் கோடுதான போட்டிருக்கோம். எழுத்துக் கேஸ்ல ஒண்ணு மிச்சமில்ல."

"அவருக்குக் கோடு வாணாம் பாய்," என்றாள் அம்சா. "எடத்த சும்மா வுடுங்க. தெரிஞ்சா எழுதணும் இல்ல?"

ராஜகோபால் பட்டியலை எடுத்து, மேலிருந்து கீழே வரை அந்தக் கோடுகளின் மேல் விரலை ஓட்டினார். தான் எழுதிய புத்தகத்தில் தானே கண்டுபிடிக்காத பிழையைப் பார்ப்பவர்போல் இருந்தது அவர் முகம்.

"எல்லாத்தையும் எடுத்துடலாமா பாய்?"

"நூத்தி நாப்பத்திரெண்டையுமா?" என்று அலறியது நாகேந்திரன்தான். "சார், நோட்டீசு! கோயிலுக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?" எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அம்சாவைப் பார்த்தார். "ரெண்டு மணி வரிக்கும்தான். அதுக்கு மேல ஒரு நிமிசம் தரமாட்டேன்," என்று சொல்லிவிட்டு, டீ சொல்ல அவரே எழுந்து போனார்.

ஜமீல் அகமது இடுக்கியால் கோடுகளைப் பிடுங்கினார். ஒவ்வொன்றின் இடத்திலும் அச்சில் விழாத வெற்று ஈயக்கட்டையைச் செருகினார். பிடுங்கிய கோடுகள் கேஸின் சின்னக் கட்டத்தில் ஒவ்வொன்றாக விழுந்தன. கொஞ்ச நேரத்தில் அது நிரம்பி, வெளியே சிந்த ஆரம்பித்தது. வேடியப்பன் குனிந்து அவற்றைப் பொறுக்கிக் கொடுத்தான்.

இரண்டு மணிக்கு மிஷின் ஓடியது. நாகேந்திரன் முதல் கட்டைத் தூக்கிவந்து ஒன்றும் சொல்லாமல் அம்சாவின் முன்னால் வைத்தார். வேலை போகவில்லை என்று அதற்கு அர்த்தம்.

அவள் மேலாக இருந்த தாளை எடுத்தாள். எல்லப்பன் எட்டாவது வரியில் இருந்தான். கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள், அழுதாள், முந்தானையால் துடைத்துக்கொண்டு, மூலையில் நின்றவனைக் கூப்பிட்டாள்.

"இன்னா நிக்குற? வந்து மடி."

வேடியப்பன் எதிரே உட்கார்ந்தான். அவள் மூங்கில் பட்டையை வைத்து மடிப்பை அழுத்தினாள். நாலு பக்கத்திலும் பெயர்களின் வலப்புறம் வெள்ளையாக ஒரு பட்டை நீளமாக இறங்கியது. நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும் எழுத இடம் இருந்தது.