படத்தில் இல்லாத டெடி

இருபத்தோரு இடங்களுக்கு ஆள் போட ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. இருபத்திரண்டாவது இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

ஹார்லன் ஃபோர்க் பள்ளி, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால் ஆட ஆரம்பித்து நூறு வருடம். இதுவரை ஆடிய அத்தனை பேரிலும் சிறந்தவர்களைப் பொறுக்கி, பந்தோடு ஆடப் பதினொன்று, தடுக்கப் பதினொன்று என்று ஓர் அணி அமைக்க, ஊர் தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் சனிக்கிழமை காலை மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மைதான வாசலில் தொங்கப்போகும் பேனர். மிச்சம் இருந்தது இரண்டாவது வைட் ரிசீவர். ஓரத்தில் நின்று, ஓடி, எறிகிற பந்தைப் பிடிக்கிறவன்.

பெர்னடெட் ஹலுஸ்கா, டெடி வாஸ்கோவின் பெயரைச் சொன்னாள். சொல்லி வாய் மூடவில்லை, லைல் தோமாசெக் நோட்டைத் திறந்துவிட்டார். நாற்பது வருடமாக எந்த ஆட்டத்தில் யார் எத்தனை பந்து பிடித்தான் என்று எழுதி வைத்திருக்கிற மனிதர் அவர். நோட்டில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்பது அவருடைய கட்சி.

“டெடி வாஸ்கோ. மூணு வருஷத்துல பத்தொம்பது பந்து. கைல் பெரெட்டி ஒரே வருஷத்துல எழுபத்தொண்ணு. இதுல பேச என்ன இருக்கு பெர்னி?”

“டெடி காலத்துல கோச் பந்தையே எறிய விடல. தூக்கிட்டு ஓடு, ஓடுன்னே உயிரை வாங்குவார். எறிஞ்சாத்தானே பிடிப்பான்?”

“ஆக, பிடிக்கல. அவ்ளோதான்,” என்றான் ரஸ்டி கோவல், வாயில் பாதி பியரோகிக் கொழுக்கட்டையோடு. தொண்ணூற்று நான்காம் வருட அணியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன்தான். இந்த அணியில் அந்த இடத்துக்குத் தன் பெயரைத் தானே முன்மொழிந்து, தானே முதலில் கையும் தூக்கி ஒரு மணி நேரம் ஆகவில்லை.

“நீ ஓடறதுக்கு வழி விட்டது யாருடா? எதிராளிய மறிச்சுத் தள்ளினது யாரு?”

“தள்ளினதுக்கு நோட்டுல கணக்கு இல்லையே. ஏன் லைல், இருக்கா?”

“இல்ல,” என்றார் லைல். அவர் குரலில் இருந்த திருப்தியைக் கேட்டு பெர்னடெட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணக்கு எப்படி இருக்கும்? பத்தொன்பது வருடம் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஆட்ட நாட்களில் மைதானத்துக் கூரைமேல் ஏறி, குளிரில் விரல் விறைக்க எல்லா ஆட்டத்தையும் படம் பிடித்தவள் அவள். கோச் அவளுக்குப் போட்ட சட்டம் ஒன்றுதான்: “பந்தோட போ.” அவளும் பந்தோடு போனாள். மூன்று வாரமாக வீட்டு நிலவறையில் உட்கார்ந்து முப்பத்து மூன்று கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டாள். எல்லாவற்றிலும் ஒரே கதை. டெடி இரண்டு எட்டு வைப்பான். கேமரா பந்தை நெருங்கிப் பிடிக்கும். பந்துக்கு இருபது கஜம் முன்னால், படத்துக்கு வெளியே, அவன் எவனையோ மோதிச் சாய்த்துக்கொண்டிருப்பான். ஓட்டிப் பார்த்தாலும் திருப்பிப் பார்த்தாலும் வெளியேதான். அவள் கையே அவள் கண்ணைக் குத்தியிருந்தது. ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் டிவியின் மண்டையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

ஒரே ஒரு கேசட் மட்டும் வேறு. அது இப்போது அவள் கைப்பைக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்காமலே ஜெயித்துவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

தொண்ணூற்று நாலு, பெல்ஃபோர்டு ஆட்டம். கடைசி நிமிடத்தில் ரஸ்டி அறுபத்தோரு கஜம் ஓடி ஜெயித்துக் கொடுத்த ஆட்டம். கேசட்டில் ரஸ்டி இல்லை. குளிரில் கேமரா ஸ்டாண்டு இறுகிவிட்டது, கேமரா திரும்பவில்லை என்று அன்றைக்கு அவள் சொன்னாள். கோச் ஒரு வாரம் அவள் முகத்தில் விழிக்கவில்லை. ‘பந்தைத் தொலைச்ச பெர்னி’ என்று மளிகைக் கடையில் இன்றைக்கும் சொல்கிறார்கள். ரஸ்டியோ, கறி வாட்ட அடுப்பு மூட்டுகிற இடமெல்லாம் நின்று அந்த ஓட்டத்தை வாயாலேயே ஓடிக் காட்டுவான். முடிவில் மார்தட்டிக்கொண்டு ஒரே வசனம்: “ஒருத்தன் விரல் பட்டிருக்குமா? யாரும் தொடல!”

“மணி பதினொண்ணேகால்,” என்றார் லைல். “கைல் பெரெட்டின்னு எழுதிடறேன்.”

பெர்னடெட் கேசட்டை எடுத்து மேசைமேல் அடித்து வைத்தாள்.

ரஸ்டி கேசட் அட்டையில் எழுதியிருந்த ஆட்டத்தின் பெயரைப் பார்த்துச் சிரித்தான். “இதுவா? இதுல வெறும் புல்லுதானே இருக்கு?”

“ஸ்டாண்டு இறுகல ரஸ்டி. நான்தான் திருப்பல.”

“என்னது?”

“வேணும்னேதான் திருப்பல. மூணு வருஷமா அந்தப் பையன் செஞ்சத மேலேர்ந்து பாத்தவ நான் ஒருத்திதான். ஒரே ஒரு தடவ படத்துல இருக்கட்டும்னு நெனச்சேன். அது உன்னோட ஓட்டமா அமையும்னு நான் கண்டேனா?”

ரஸ்டி கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்தான். காது வரைக்கும் சிவந்துவிட்டது. “எங்கப்பாவுக்கு அன்னைக்கு மில்லுல ஷிஃப்ட்டு. வந்து பாக்கல. சாகற வரைக்கும் கேட்டுட்டே இருந்தாரு, எங்கேயாச்சும் படம் இருக்காடான்னு. நான் ஸ்டாண்டு ஸ்டாண்டுன்னு அவருக்குச் சொன்னேன். நீ சொன்னதத்தான் சொன்னேன்.” இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக அவளை ‘நீ’ என்றான்.

பெர்னடெட் எழுந்து போய் மூலையில் இருந்த பழைய டிவியில் கேசட்டைச் செருகினாள்.

எண்பத்திரண்டாம் எண் சட்டை போட்ட ஒல்லிப் பையன் டெடி ஓரத்திலிருந்து கிளம்பினான். முதல் ஆளை இடுப்பில் மோதிச் சாய்த்தான். எழுந்தான். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினான். முப்பது கஜம் தள்ளி, குறுக்கே பாய்ந்து வந்துகொண்டிருந்த கடைசி ஆளின் மார்பில் தோளைக் கொடுத்தான். இரண்டு பேரும் உருண்டார்கள். படத்தின் மேல் விளிம்பில் மஞ்சள் பட்டை போட்ட ஒரு காலுறை சரக்கென்று கடந்து போனது. ரஸ்டி இருந்தது அவ்வளவுதான்.

“திரும்பப் போடு,” என்றான் ரஸ்டி.

போட்டாள். மூன்றாவது தடவை அவன் எழுந்து வந்து டிவி பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

“அந்த ரெண்டாவது ஆள் எங்கேர்ந்து வந்தான்? நான் அவன பாக்கவே இல்லையே.”

“பாக்க வேண்டிய அவசியம் உனக்கு வரல.”

ரஸ்டி இன்னொரு தடவை அதைப் பார்த்தான். பிறகு, “நான் வேகமா ஓடினேன்னு நெனச்சிட்டிருந்தேன்,” என்றான்.

லைல் தொண்டையைக் கனைத்தார். “ஒரே ஒரு ஓட்டத்த வெச்சுக்கிட்டு…”

“என் ஓட்டு வாஸ்கோவுக்கு.” பல் பிடுங்குகிறவனிடம் வாயைத் திறப்பது போலத்தான் சொன்னான்.

ஒன்றுக்கு இரண்டு. லைல் கைல் பெரெட்டியை அடித்துவிட்டு வேண்டாவெறுப்பாக டெடியின் பெயரை எழுதினார். உடனே பேனா நின்றது. “ஒவ்வொரு பேருக்குக் கீழயும் ஒரு வரி சாதனை போகணும். இவனுக்கு என்னன்னு போட? பத்தொம்பதுன்னு போட்டா ஊரே சிரிக்கும்.”

பெர்னடெட் அத்தனை வருடம் பார்த்தாள், சண்டை போட்டாள், பொய் சொன்னாள். கடைசியில் எழுத ஒரு வரி இல்லை.

ரஸ்டி கேசட்டை உருவி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு தொப்பியை மாட்டினான். கதவுப் பிடியில் கையை வைத்தவன் லைலைப் பார்த்து மட்டும் சொன்னான்.

“எழுதிக்குங்க. பெல்ஃபோர்டு ஆட்டம், தொண்ணூத்தி நாலு. ரஸ்டி கோவல யாரும் தொடல.”

பெர்னடெட்டிடம் ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.