பெட்ரோல் ஏறாத கார்

காரைக் கெடுத்தது தம்பிதான் என்பதில் பெரியவனுக்குச் சந்தேகமே இல்லை. அதை மெக்கானிக் வாயால் சொல்ல வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா ஆசை ஆசையாக வாங்கிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. அவர் போனபின் ஷெட்டில் கேட்பாரற்றுக் கிடந்தது. போன மாதம் சின்னவன் அதைக் கிளப்பித் தெருமுனை வரை ஓட்டினான். அங்கேயே படுத்துவிட்டது. அன்றே பெரியவன் அம்மாவிடம் ஒற்றைக்காலில் நின்று வாக்கு வாங்கிவிட்டான்: கெடுத்தவன் எவனோ, அவன் வீட்டைவிட்டுப் போக வேண்டும். மாடியில் சின்னவன், கீழே பெரியவன், இருவருக்கும் பல வருடமாகப் பேச்சே கிடையாது. ஒருவன் இருமினால்கூட இன்னொருவனுக்கு எரிச்சல். இதற்குப் பெயர் குடும்பம்!

"பெட்ரோல் டேங்க்ல சர்க்கரையைக் கொட்டியிருப்பான், பாருங்க," என்றான் பெரியவன், ஷெட்டுக்கு வந்திருந்த மெக்கானிக்கிடம்.

"வாயைக் கொஞ்சம் மூடுறீங்களா? இன்ஜின் சத்தம் கேக்கணும்," என்றார் மெக்கானிக். அவரும் லேசுப்பட்ட ஆளில்லை.

இன்ஜின் கிளம்பியது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் திணறி நின்றது. மெக்கானிக், டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, பம்பை மட்டும் ஓடவிட்டார். பெட்ரோல் முதலில் நன்றாகக் கொட்டியது. பிறகு நூலாக இளைத்து நின்றுபோனது. குழாய் வழியாக டேங்க் பக்கம் காற்றடித்தார். உள்ளே குபுகுபுவென்று சத்தம். மறுபடி நன்றாகக் கொட்டி, மறுபடி நின்றது.

"குழாய் நல்லாதான் இருக்கு. டேங்க்ல ஏதோ மிதக்குது. உறிஞ்சும்போது வந்து வாயை அடைக்குது, காற்றடிச்சா விலகுது."

டேங்கை இறக்கிக் கவிழ்த்தார். வெங்காயச் சருகு மாதிரி சாம்பல் நிறத்தில் தோல் தோலாக வந்து விழுந்தது.

"துரு பிடிக்காம இருக்க யாரோ உள்ளே கோட்டிங் பூசியிருக்காங்க. அது தெரியாம இன்னொருத்தர் துரு கரைக்கிற மருந்தை ஊத்தியிருக்காரு. தனித்தனியா ரெண்டும் நல்ல வேலைதான். ஒண்ணு மேல ஒண்ணு விழுந்ததால உரிஞ்சு வருது. ஏங்க, ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கலையா?"

கோட்டிங் பூசியது பெரியவன்தான். அப்பாவின் கார் துருப்பிடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், சின்னவன் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பூசியிருந்தான். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தான். சொல்ல மனம் வரவில்லை.

கூடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். சின்னவன் சுவரோரம் நின்றான்.

"அவன்தாம்மா. மருந்தை ஊத்திக் கெடுத்திருக்கான்," என்றான் பெரியவன்.

"ஊத்தினேன்," என்றான் சின்னவன், அம்மாவைப் பார்த்து. "கேட்டுட்டுதான் ஊத்தினேன்."

"யார்கிட்ட கேட்டே? கதை விடுறான்மா!"

சமையலறை வாசலிலிருந்து பெரியவனின் மனைவி முன்னால் வந்தாள். "என்னைத்தான் கேட்டு வரச் சொன்னாரு அத்தை. டேங்க்ல அண்ணன் எதுவும் போட்டிருக்காரான்னு. நான் வந்து இவர்கிட்ட கேட்டேன். 'அவனுக்கெல்லாம் நான் பதில் சொல்லணுமா'ன்னு டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சாரு."

பெரியவனுக்கு முகம் செத்துப்போனது. மனைவியைக் கொன்றுவிடலாம் போல ஆத்திரம் வந்தது.

"டேங்க்ல நீ என்ன போட்டே?" என்றாள் அம்மா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

"வாக்கு வாங்கினது நீதானே? கிளம்பு."

"வேண்டாம்மா," என்றான் சின்னவன். பெரியவன் நிமிர்ந்து பார்த்தான். தம்பியின் கண் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"இருந்துட்டுப் போகட்டும். பாவம், அண்ணி எங்கே போவாங்க?"