அடிபட்ட மனசைப் பேச ஓர் ஆள்

வானொலி நிலையத்தில் அவளுக்கு 'ஆள்பிடி' என்று பட்டப்பெயர். நேரலையில் பேச நிபுணர்களைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை. இதய மருத்துவரோ எரிமலை ஆராய்ச்சியாளரோ, கேட்ட மாத்திரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். அந்தப் பெயர் இன்றைக்குக் காற்றில் பறக்கப் பார்த்தது.

விளையாட்டில் அடிபட்டவர்களின் மனசைப் பற்றி ஒரு மணி நேரம். அவளே அடம்பிடித்து வாங்கிய முதல் சொந்த நிகழ்ச்சி. மாலையில் ஒலிபரப்பு, காலையில் பேராசிரியருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"ஆள் கிடைக்கலன்னா பாட்டு போட்டுருவேன். அப்புறம் சொந்த நிகழ்ச்சின்னு எங்கிட்ட வந்து நிக்காத" என்றார் தலைமைத் தயாரிப்பாளர்.

ஆள்பிடியிடம் ஒரு வழக்கம் உண்டு. வர முடியாது என்பவரிடமே வேறோர் ஆளைக் கேட்டுவிடுவாள். இன்றைக்கும் "உங்க பிள்ளைக்கு அடிபட்டா யார்கிட்ட கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்காமல் போனை வைக்கவில்லை.

"நீச்சல் குளத்துக்குப் பின்னாடி ஒரு சின்ன அறையில மனநல ஆலோசகர் ஒருத்தங்க இருக்காங்கம்மா" என்று கரகரத்தார் பேராசிரியர். அவள் எதையோ சொல்லி மழுப்பிவிட்டு எலும்பு மருத்துவரைக் கூப்பிட்டாள். அவரும் அதே அறையைச் சொன்னார். கால்பந்துப் பயிற்சியாளரோ, "அவங்கள விட்டா யாரு? எங்க பசங்க பாதிப் பேரைத் திரும்ப மைதானத்துல இறக்கினதே அவங்கதான்" என்றார்.

மூன்று பேரும் கைகாட்டியது அவளுடைய சொந்த அக்காவை.

அக்கா ஒரு காலத்தில் தடையோட்டக்காரி. ஒரு பந்தயத்தில் விழுந்து முட்டி போனது. பிறகு உளவியல் படித்து அந்த அறையில் உட்கார்ந்தாள். அவள் முன்னால் ஓட்டம் என்ற பேச்சையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அவளுக்கு வலிக்குமாம். அந்தக் கரிசனத்தில்தான் தங்கைக்காரி ஊரையே சலித்துவிட்டு அக்காவை மட்டும் விட்டிருந்தாள். நல்ல கரிசனம் போங்கள்!

வேறு வழியில்லாமல் கூப்பிட்டாள். "அக்கா, நீ ஓடும்போது விழுந்தியே... அதப் பத்திப் பேசணும்."

திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"அடிப்பாவி, ஊரெல்லாம் தேடிட்டுக் கடைசியிலதான் என் ஞாபகம் வந்துச்சா? எப்ப வரணும்?"

தொகுப்பாளரிடம் மட்டும் உறவைச் சொல்லி, அக்காவை ஒலிவாங்கி முன் உட்கார வைத்தாள். என்ன பேச்சு! எலும்பு கூடின பிறகும் தூக்கத்தில் விழுந்துகொண்டே இருப்பவர்களைப் பற்றி, இனி தன்னை யாரென்று சொல்லிக்கொள்வது என்று தவிப்பவர்களைப் பற்றி, பாடப்புத்தக வாசனையே இல்லாமல் சொன்னாள். நேயர்களின் அழைப்புகள் குவிந்தன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆள்பிடிக்குப் பெருமை பிடிபடவில்லை.

"உங்க வீட்டுல இதப் பத்தி உங்ககிட்ட யார் பேசுவாங்க?" என்று கேட்டார் தொகுப்பாளர்.

"யாருமே பேசினதில்ல. பாசம்தான். ஆனா விழுந்ததப் பேசாம விட்டதுல, நான் ஓடினதும் சேர்ந்தே காணாமப் போச்சு. இன்னைக்குக் காலையில ஒருத்தி போன் பண்ணிக் கேட்டா. வச்சதும் நல்லா அழுதேன். அப்படி ஒரு நிம்மதி."

தலைமைத் தயாரிப்பாளர் மெல்ல அருகில் வந்தார். "யாரும்மா இவங்க? எங்க புடிச்ச?"

அவள் கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

"எங்கக்கா சார். தடையோட்டத்துல தங்கம் வாங்கினவ."