நடுவில் ஒரு விமான நிலையம்

ஏழாயிரம் கிலோமீட்டர். நேர் விமானத்தில் ஒன்பது மணி நேரம்.

பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து அவள் நாலாவது தடவையாக போனில் தட்டிப் பார்த்தாள். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே தூரமும் மாறவில்லை, நேரமும் மாறவில்லை. இரண்டு வருடம் கழித்து வீடு திரும்பும் கணவனோ, "வந்து சேர பத்தொன்பது மணி நேரம் ஆகும், போன் எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தான்.

மீதிப் பத்து மணி நேரம் எங்கே போயிற்று?

நாத்தனாருக்குப் போன் போட்டுக் கேட்டாள். "யாரு, எங்க வீட்டுப் புலியா? வழியில வேட்டைக்குப் போயிருக்கும் அண்ணி!" என்று சிரித்தாள் அவள். இவளுக்கு 'வேட்டை' என்ற சொல் மட்டும் காதில் நின்றது.

எட்டாம் நம்பர் டோக்கனை ஏழுக்கு முன்னால் கூப்பிட்டாள். ஒரு பெரியவரிடம் யாருடைய எக்ஸ்ரேயையோ நீட்டினாள்.

"என்னம்மா, இதுல பல்லெல்லாம் இருக்கே!" என்றார் அவர்.

போன் அடித்தது. அவன்தான்.

"எங்க இருக்கீங்க?"

"நடுவுல ஒரு ஏர்போர்ட்ல."

"நேரா வர்ற விமானம் இருக்கே! யாரைப் பார்க்க இறங்குனீங்க?"

"யாரையும் இல்ல." குரலைத் தாழ்த்தினான். "எனக்கு விமானம்னா பயம்டி. போகும்போதே செத்துப் பொழச்சேன். லீவு கிடைக்கலன்னு சொன்னதெல்லாம் பொய். ஒரே மூச்சா வர முடியாதுன்னு ரெண்டா பிரிச்சு டிக்கெட் போட்டேன். பத்து மணி நேரமா இங்கயே நடந்துட்டு இருக்கேன். தைரியம் வரல. எல்லாரும் ஏறுறாங்க. நான் தூணைப் புடிச்சிட்டு நிக்கிறேன். நான் வரல."

கத்த வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். இந்தக் குரலை அவள் தினமும் இதே மேஜையில் கேட்கிறாள். 'வலிக்காது' என்று சொன்னால் வாசலைப் பார்த்து ஓடிவிடுவார்கள். அதனால் அவள் அப்படிச் சொல்வதே இல்லை. மேஜைமேல் உள்ள கூடையிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொல்லிக் கையில் கொடுப்பாள்.

"பயமாத்தான் இருக்கும்" என்றாள். "நீங்க வீட்டுக்கு வர வேணாம். அந்தக் கதவு வரைக்கும் நடங்க, போதும்."

"ம்... நடந்துட்டேன்."

"கையில என்ன இருக்கு?"

"பாப்பாவுக்கு வாங்குன கரடி பொம்மை."

"அதை நல்லா இறுக்கிப் புடிங்க. இப்ப சீட்ல போய் உட்காருங்க. உட்கார மட்டும்தான்."

மூச்சு வாங்கும் சத்தம். யாரோ 'வணக்கம்' சொன்னார்கள். பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது.

"ஏய், பேஷண்ட் கிட்ட பேசுற மாதிரியே பேசுற!"

"ஆமா. புலிக்கும் பல் வலிக்கும்ல?"

அவன் சிரித்தேவிட்டான். "ஐயோ, கதவைச் சாத்திட்டாங்க..."

போன் அணைந்தது.

இன்னும் நாலரை மணி நேரம். அவளுக்கு இருப்பு கொள்ளவில்லை. வாசலுக்கும் தண்ணீர்க் கேனுக்குமாக நடந்தாள். வெளியே வானத்தை எட்டிப் பார்த்தாள். ஒன்றுமே இல்லாத வானம். திரும்பவும் நடந்தாள்.

எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார். கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"உட்காரும்மா. உட்கார மட்டும்தான். என் எக்ஸ்ரேயை அப்புறம் தேடிக்கலாம்."