தூக்கிய கை

எனக்கு ஐம்பத்தேழு வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. மைதானத்துப் பக்கமே போகாதீர்கள் என்கிறார் தில்லை நகர் டாக்டர். போகாமல்? பதினாறு வருடம் திருவெறும்பூர் ஃபேக்டரி ஃபுட்பால் அணியில் டிஃபெண்டர், அப்புறம் ஆறு வருடம் மேனேஜர், இப்போது ஒரு கிளப்பில் பெண் பிள்ளைகளுக்குக் கோச். வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது.

சொல்லிக்கொடுப்பதும் முக்கியமாக ஒன்றுதான். எதிராளி பந்தோடு ஓடும்போது ஆஃப்சைடு என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்காதே, விசில் கேட்கும்வரை விரட்டு. இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. பிள்ளைகள் எனக்குப் பின்னால் நின்று கையைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், வானரங்கள்.

ஏன் என்று மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஃபைனலில் நான் அப்படிக் கை தூக்கி நின்றேன். விசில் வரவில்லை, கோல் விழுந்தது. கோல்கீப்பர் அமிர்தராஜ் முன்னால் ஓடிவந்ததுதான் தப்பு என்று எல்லாரும் அவன்மேல் பாய்ந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வருடமே எனக்கு வேலை நிரந்தரமானது, அவனை அணியிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

போன ஞாயிறு ஸ்ரீரங்கத்து அணியோடு ஃபைனல்.

"இதுல ஜெயிச்சா அடுத்த வருஷமும் நீங்கதான் சார். இல்லேன்னா கமிட்டி வேற ஆள் பாக்குறதா இருக்கு," என்று செயலாளர் ரெங்கராஜ் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

கடைசி நிமிடம் வரை யாருக்கும் கோல் இல்லை. ஸ்ரீரங்கத்துப் பெண் ஒருத்தி பந்தை வாங்கினாள். என் கண்ணுக்கு அப்பட்டமான ஆஃப்சைடு. கோட்டுக்கு வெளியே நின்றிருந்த நான், "ரெஃப்ரீ!" என்று கத்திக் கையைத் தூக்கிவிட்டேன். அவளை விரட்டிக்கொண்டிருந்த என் டிஃபெண்டர் சம்ரீன் என்னைப் பார்த்தாள், நின்றுவிட்டாள். விசில் வரவில்லை. பந்து வலைக்குள் போனது.

ஆட்டம் முடிந்ததும் சம்ரீன் அழுதுகொண்டே வந்தாள்.

"நீங்க கை தூக்கவே மாட்டீங்களே சார். நீங்களே தூக்கினதும், விசில் அடிச்சிட்டாங்கன்னு நெனச்சிட்டேன்."

அடப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்கிற அளவுக்குக் களைப்பாகவும் இருந்தது.

ரெங்கராஜ் வேகவேகமாக வந்தார்.

"அந்தப் பொண்ணு எதுக்கு சார் மரம் மாதிரி நின்னுச்சு? அதை டீம விட்டு எடுத்துடுவோம். உங்க மேல தப்பில்லைன்னு கமிட்டில நான் பேசிக்கிறேன்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். சம்ரீன் நாலடி தள்ளி பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், காதில் விழாமலா இருக்கும்? குனிந்த தலை நிமிரவில்லை. அன்றைக்கு அமிர்தராஜும் இப்படித்தான் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"அவ நின்னது என்னாலதாங்க. நான் கை தூக்கினேன்," என்றேன்.

"சார், யோசிச்சுப் பேசுங்க."

"முப்பது வருஷமா யோசிச்சாச்சு, விடுங்க. கமிட்டிலயும் இதையே சொல்லுங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்தேன். சம்ரீன் பையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளைக்கு பிராக்டிஸ் இருக்கா சார்?"

"இருக்கும்மா. வேற சார் வருவாரு."

அவள் நகரவில்லை.

"அவர் கை தூக்கினாலும் நிக்காத," என்றேன்.