கஜாலினியின் கண்

பெண்சாதியைப் பார்த்து வயிறெரிகிற புருஷன் மேல் யாரும் இரக்கப்படுவதில்லை. அது றமணனுக்கும் தெரியும். தெரிந்து என்ன, எரிகிற வயிறு எரியத்தான் செய்தது.

கட்டுகஸ்தோட்டையில் றம்லத்தின் பட்டறையில் இருவருக்கும் ஒரே வேலை. பாடசாலை வானியல் கழகங்களுக்குப் போகும் தொலைநோக்கிகளைச் சோதித்து அனுப்புவது. முதலில் சேர்ந்தவன் அவன்தான். கலியாணத்துக்குப் பிறகு கஜாலினியைக் கூட்டிவந்து வேலை பழக்கியதும் அவன்தான். இப்போது மேல்மாடியில் இரண்டாவது சோதனை மேசை வரப்போகிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பொறுப்பாளர். யாரென்று இந்தக் கிழமை சொல்வதாக முதலாளி றம்லத் அறிவித்தபோது, பார்வை கஜாலினி மேல்தான் இருந்தது. அன்றிலிருந்து றமணனுக்கு வீட்டில் சோறும் இறங்கவில்லை, பேச்சும் வரவில்லை.

அந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. நீள இரும்பு மேசையின் ஒரு முனையிலிருந்து, நட்சத்திரத்திலிருந்து வருவதுபோல் இணையான ஒளி வரும். தொலைநோக்கிக்குள் இணையாகப் போகிற ஒளி இணையாகவே வெளியே வரவேண்டும். வெறுங்கண்ணை நம்ப முடியாது. கண் தானாகவே சரிக்கட்டிக்கொண்டு பொய் சொல்லிவிடும். அதனால் பின்னால் ஒரு குட்டித் தொலைநோக்கியை வைத்துப் பார்ப்பார்கள். பட்டறையில் அதற்குச் 'சின்னவன்' என்று பெயர். படம் தெளியும்போது சின்னவனின் வளையம் பூச்சியத்தில் நின்றால் சரி. ஆனால் பார்க்கிறவர் முதலில் சின்னவனுக்குள் இருக்கும் சிலுவைக்கோட்டைத் தன் கண்ணுக்குத் தெளியும்படி திருகிக்கொள்ள வேண்டும். ஒருவருக்குத் திருகியது மற்றவருக்கு உதவாது. கஜாலினிக்கோ கிட்டப்பார்வை, கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பார்ப்பாள். ஆகவே வேலை முடித்து எழும்பிப் போகிறவர் அந்தத் திருகைக் கலைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம்.

அன்று அவள் ஒரு தொலைநோக்கியைச் சரியென்று சொல்லிவிட்டு, அடுத்ததை எடுக்க அலுமாரிப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், றமணன் அவளுடைய கதிரையில் போய் உட்கார்ந்தான். வளையத்தைத் திருப்பினான். படம் தெளிந்தபோது வளையம் பூச்சியத்தைத் தாண்டி எங்கேயோ நின்றது. அவனுக்கு வாயெல்லாம் பல். பிழை தேடி வந்த அவசரத்தில் சிலுவைக்கோடு மங்கிக் கிடந்ததை அவன் கவனிக்கவேயில்லை.

"மெடம், ஒருக்கா வாங்கோ! இவ சரியெண்டு சொன்னதை வந்து பாருங்கோ!"

பட்டறையே திரும்பிப் பார்த்தது. றம்லத் வந்து குனிந்து பார்த்தாள்.

"றமணன், சிலுவக்கோடு ஒங்கட கண்ணுக்குத் தெளிவா ஈக்கிதா?"

அவன் மறுபடி பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"இது கஜாலினிட கண்ணுக்குத் திருகினது" என்றாள் றம்லத்.

அதற்குள் கஜாலினி முந்திக்கொண்டாள்.

"பிழை என்ர, மெடம். முடிச்சிட்டு எழும்பேக்க கலைச்சுவிட மறந்திட்டன். கலைச்சிருப்பன் எண்டு நம்பித்தான் அவர் பாத்தவர்."

பச்சைப் பொய். அவள் இன்னும் வேலையை முடிக்கவில்லை, அடுத்ததை எடுக்கத்தான் எழும்பினாள் என்பது அவனுக்குத் தெரியும். ஒரு சொல் சொன்னால் போதும். அவன் சொல்லவில்லை.

றம்லத் பெருமூச்சு விட்டாள். "மறக்கிற ஆள்ட கையில ரெண்டு மேசய எப்படிக் குடுக்கிற? றமணன், மேல்மாடியயும் நீங்களே பாத்துக்கொங்கோ."

பின்னேரம் பஸ் தரிப்பிடத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. இருவரும் ஒரே குடையில் நின்றார்கள்.

"ஏனப்பா பொய் சொன்னனீர்?"

அவள் ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்தப் பொறுப்பு இல்லாமல் என்னால இருக்கேலும். அது எனக்குக் கிடைச்சால் உங்களோட இருக்கேலாது."

அவனுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான், இப்படி ஒன்றை விட்டுக்கொடுக்க அவனால் ஒருநாளும் முடிந்திருக்காது.